கை தூக்கியவள்

ஜூன் 9

என் அன்புச் சில்வண்டுக்கு,

அக்கா நெட்டை எழுதுவது. வந்து சேர்ந்துவிட்டேன். கை கால்களை எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாக இருக்கிறது. நீயும் காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லாமல், வாய் மட்டும் ஓயாமல், சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் அறையைப் பற்றி. மூன்றாவது மாடி. நீளவாக்கில் படுத்தால் கால் இடிக்கும், குறுக்குவாக்கில் படுத்தால் தலையும் சேர்ந்து இடிக்கும். மூலைக்கு மூலை படுக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு ஜன்னல், அதில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது! இல்லத்தில் நம் ஹால் கதவை யாராவது சாத்திப் பார்த்திருக்கிறோமா? முதல் நாள் சும்மாவே நாலைந்து தடவை போட்டுப் போட்டுத் திறந்தேன். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா, "என்னம்மா, கதவு ரிப்பேரா?" என்று குரல் கொடுத்தார்.

வேலை, சட்டை தைக்கும் கம்பெனியில். நான் பொத்தான் மெஷின். காலால் மிதித்தால் டக்கென்று ஒரு பொத்தான் உட்கார்ந்துவிடும். முன்பக்கம் ஆறு, கைகளில் இரண்டு, கழுத்தில் சின்னதாக ஒன்று. எங்கள் வரிசையில் முப்பத்திரண்டு பேர். பக்கத்து மெஷினில் இருப்பவருக்கு இரண்டு குழந்தைகள். எனக்கு நூல் கோக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பொத்தானக்கா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். நீ ஏழாம் வகுப்பு முடித்ததும் உன் வயதுப் பிள்ளைகளோடு உன்னையும் தூரத்துப் பெரிய விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். ரயிலில் ஒரு பகல், ஒரு இரவு. அங்கே போய்விட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை உன் முகத்தைப் பார்த்தால் பெரிய விஷயம். உன்னை என்னிடம் விட வேண்டுமானால் இல்லத்தை நடத்தும் பெரியம்மா சொன்னது மூன்று: ஆறு மாத வேலைக்குச் சான்றிதழ், பூட்டிக்கொள்ள ஒரு சொந்த அறை, அவரே நேரில் வந்து பார்த்துத் தலையாட்டுவது. மார்ச் பதினைந்தில் நிர்வாகக் குழு கூடுகிறது. அறை வந்துவிட்டது. வேலை டிசம்பரில் ஆறு மாதம் ஆகிவிடும். பெரியம்மாவின் தலைதான் பாக்கி. (பெரியம்மா, இல்லத்துக்கு வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் நீங்கள் படித்துவிட்டுத்தான் விடுவீர்கள் என்று தெரியும். வணக்கம்.)

ஒரு உதவி செய். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு உப்பு என்று நம் சமையற்காரரிடம் கேட்டு எழுது. நாலு வருஷம் அவரோடு அடுப்படியில் நின்றிருக்கிறேன். அறுபது பேருக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஒருத்திக்கு என்றால் கை அடங்க மாட்டேன் என்கிறது. நேற்று 'கொஞ்சமாக' உலை வைத்தேன். பதினோரு பேர் சாப்பிட்டார்கள்.

உன் அக்கா,
நெட்டை


ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

சில்வண்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் தட்டும் என் பெட்டியும் நலம். உன் நலமும் உன் தாழ்ப்பாளின் நலமும் அறிய ஆசை.

சமையற்காரரிடம் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு ஆளுக்கா? இருபது வருஷமா இங்க இருக்கேன், அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதும்மா. இன்னும் அம்பத்தொம்பது பேரப் பிடிச்சுக்கச் சொல்லு அவள" என்றார். அவரை நம்பிப் பயனில்லை என்று நானே வகுத்துப் பார்த்தேன். அறுபது பேருக்கு மூன்று கைப்பிடி உப்பு என்றால், ஒரு கைப்பிடி இருபது பேருக்கு. அதனால் நானும் என் கூட்டாளி குட்டச்சியும் ஒரு கைப்பிடியைத் தாளில் கொட்டி இருபது குவியல் செய்தோம். அதில் ஒரு குவியலை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். இதுதான் உன் அளவு. கொட்டிவிடாதே.

இங்கே ஒரு பெரிய சமாசாரம். ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி பந்து பட்டு உடைந்துவிட்டது. பெரியம்மா மணியடித்து எல்லாரையும் முற்றத்தில் நிற்க வைத்தார். "யாருடி உடைச்சது?" என்று ஒரு சத்தம். கடலை வயலில் மேய்ந்த ஆடுகூட நிமிர்ந்து பார்த்தது. நாங்கள் வழக்கம்போல அறுபது பேரும் கையைத் தூக்கினோம். ஜுரத்தில் படுத்திருந்தவள்கூட உள்ளேயிருந்தபடியே ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். எல்லாருக்கும் ஒரு வாரம் விளையாட்டு கிடையாது, வயலில் களை பிடுங்க வேண்டும். பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். அதுவும் விளையாட்டாகத்தான் இருக்கிறது.

உண்மையில் உடைத்தது யார் என்று உனக்கு மட்டும் சொல்லலாம். ஆனால் இந்தக் கடிதம் முதலில் யார் கைக்குப் போகும் என்று உனக்கே தெரியும்.

மார்ச் எப்போது வரும்?

உன் தங்கை,
சில்வண்டு

படித்தேன். தபாலில் உப்பு அனுப்பக் கூடாது என்று நம் விதிகளில் எங்கும் இல்லை. ஆகவே விட்டேன். கண்ணாடி உடைத்தது யாரென்று இன்னும் தெரியவில்லை. – பெரியம்மா


ஜூலை 21

என் செல்லச் சில்வண்டுக்கு,

நெட்டையின் ஆசிகள். நான் சுகம். இருமல் கொஞ்சம் வந்தது, இருக்க இடம் பிடிக்காமல் போய்விட்டது. உனக்குக் கால் ஆணி சரியாயிற்றா?

உப்பு வந்து சேர்ந்தது. தபால்காரர் உறையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். உன் அளவுப்படி போட்டேன், பிரமாதம். ஆனால் அரிசி விஷயத்தில் கை இன்னும் திருந்தவில்லை. மிஞ்சியதைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு வராந்தாவில் வரிசையாகக் கதவைத் தட்டுகிறேன். பக்கத்து அறை முடிதிருத்துபவர், கோடி அறை நர்சு, கீழே வீட்டுக்காரம்மா என்று எல்லாருக்கும் நான்தான் இப்போது படியளக்கிறேன். வீட்டுக்காரம்மா முதலில் முறைத்தார். இப்போது ஏழரை மணிக்கெல்லாம் கிண்ணத்தைக் கழுவிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கம்பெனியில் என் வேகத்தைப் பார்த்து சூப்பர்வைசர், "பரவாயில்லயே, கை ஓடுதே" என்றார். அந்த மனிதர் வாயில் இதுவே அபிஷேகம் மாதிரி என்று பொத்தானக்கா சொல்கிறார். அவருடைய சின்னப் பையனுக்கு மூச்சிரைப்பு. அடிக்கடி தூக்கம் கெட்டு வருகிறார், பாவம். அப்படிப்பட்ட நாட்களில் நான் அவர் பங்கிலிருந்தும் கொஞ்சம் சட்டைகளை எடுத்துத் தைத்துவிடுகிறேன்.

உனக்காகச் சுவரில் ஒரு ஆணி அடித்துவிட்டேன், உன் பை மாட்ட. இப்போதைக்கு அதில் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 18

அக்காவுக்கு,

நலம். நலமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு கடிதம் போட்டேன், இந்த மாத முதலில் ஒன்று போட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. கிணற்றில் கல் போட்டாலாவது சத்தம் வரும். உனக்கு உடம்புக்கா? கை மெஷினில் மாட்டிக்கொண்டதா? அல்லது பட்டணத்துக்காரி ஆகிவிட்டாயா? மூன்றாவதாக இருந்தால் மட்டும்தான் எனக்குக் கோபம்.

பெரிய விடுதிக்குப் போகிறவர்கள் பட்டியலை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்பது பேர். என் பெயர் பென்சிலில் இருக்கிறது, மற்றவர்கள் பெயர் பேனாவில். ஏன் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "பென்சில்னா அழிக்கலாம்" என்றார். தினமும் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்கிறேன், பேனாவாக மாறிவிட்டதா என்று.

சீக்கிரம் எழுது. ரெண்டு வரி போதும்.

சில்வண்டு

படித்தேன். ரெண்டு வரி போதும். – பெரியம்மா


அக்டோபர் 6

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நல்ல சுகம். கோபப்படாதே. வேலை முதுகை முறித்துவிட்டது, பேனாவைத் தொட நேரமில்லை. உன் மூன்று கடிதங்களும் பத்திரமாக இருக்கின்றன.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. கம்பெனி நன்றாக நடக்கிறது. பொத்தான்களும் சௌக்கியம். அறையும் அதே அறைதான். நேற்று மழை பெய்தது. ஜன்னலுக்கு எதிரே இருக்கிற தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது.

நீ ஒழுங்காகப் படி. பட்டியலைப் பார்த்துப் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. நான் சொன்னால் சொன்னதுதான். பெரியம்மாவுக்கு என் வணக்கம், சமையற்காரருக்கு என் விசாரிப்பு.

உன் அக்கா


அக்டோபர் 22

அன்புள்ள அக்கா,

நான் நலம், நீ நலம் என்று நீயே எழுதிவிட்டதால் அதைக் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன், ஒரு தடவை முகர்ந்தேன். வெங்காய வாசனை வருகிறது. குட்டச்சியிடம் கொடுத்தேன், அவளும் வெங்காயம்தான் என்றாள். சட்டைக் கம்பெனியில் வெங்காயம் எதற்கு அக்கா?

இன்னொன்று. போன தடவை பொத்தானக்கா, அவர் பையனின் மூச்சிரைப்பு, சூப்பர்வைசர் சொன்னது எல்லாம் எழுதினாய். இந்தத் தடவை, பொத்தான்களும் சௌக்கியம் என்று ஒரே வரி. உனக்குப் பொய் சொல்லவே வராது. சொல்லும்போது நீ மழையைப் பற்றிப் பேசுவாய். நம் அம்மா அப்பா எப்போது வருவார்கள் என்று சின்ன வயதில் உன்னிடம் கேட்டேனே, அப்போதும் நீ, "வெளியே மழை பெய்யுது பாரு" என்றாய். அன்றைக்கு வெயில் கொளுத்தியது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எதையும் எழுத வேண்டாம். இதைப் படிக்கிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீ சாப்பிடுகிறாயா என்று மட்டும் சொல்.

சில்வண்டு

படித்தேன். – பெரியம்மா


நவம்பர் 4

நெட்டைக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அதை விசாரித்து நீ எழுத வேண்டாம். நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன்.

இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளின் கடிதங்களைப் படிக்கிறேன். எழுதியதைவிட எழுதாததைப் படிக்கத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். உன் வேலை போய்விட்டது. ஆகஸ்ட் கடைசியில் போயிருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

என்ன நடந்தது என்று எழுது. உண்மையை எழுதினால் உன் தங்கையின் பெயரைப் பேனாவால் எழுதிவிடுவேன் என்று பயந்துதான் மறைக்கிறாய். பயந்தது சரியா தப்பா என்று பிறகு பேசலாம். முதலில் எழுது. இந்தக் கடிதம் குழுவின் பார்வைக்குப் போகாது. என் சொந்தத் தபால்தலை ஒட்டியிருக்கிறேன்.

சாப்பிடுகிறாயா என்று அவள் கேட்டதற்கும் சேர்த்துப் பதில் எழுது.

பெரியம்மா


நவம்பர் 15

மதிப்புக்குரிய பெரியம்மாவுக்கு,

நெட்டையின் வணக்கம். நீங்கள் வேண்டாம் என்றாலும் கேட்கிறேன், முழங்காலுக்கு எண்ணெய் போட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? நான் சாப்பிடுகிறேன். தேவைக்கு மேலேயே சாப்பிடுகிறேன். அதற்குக் காரணம் கடைசியில் வருகிறது.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி. நானூறு சட்டைகள் பெட்டியில் போட்ட பிறகு திரும்பி வந்தன. கழுத்தில் வைக்க வேண்டிய சின்னப் பொத்தானுக்குப் பதில் பெரிய பொத்தான். காஜாத் துளைக்குள் நுழையவே நுழையாது. சூப்பர்வைசர் ஒரு சட்டையைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வரிசை முன்னால் வந்து நின்றார். மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொன்னார்.

"யாரு பண்ணது இது?" என்றார்.

பெரியம்மா, நான் யோசிக்கவே இல்லை. கை தானாக மேலே போய்விட்டது. பத்து வயதிலிருந்து பழகிய கை. தூக்கிக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்தேன். முப்பத்திரண்டு பேர், இப்போது எல்லாரும் தூக்குவார்கள், எல்லாருக்கும் ஒரு திட்டு விழும், பிறகு மெஷின் ஓடும் என்று. ஒருத்தரும் தூக்கவில்லை. எனக்கு அப்போதும் புரியவில்லை. கொஞ்சம் மெதுவானவர்கள் போலிருக்கிறது என்று நினைத்து, தோள் வலிக்கிற வரை அப்படியே நின்றேன். பொத்தானக்கா தலையைக் குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா? சரி, கணக்க முடிச்சுக்கிட்டு கிளம்பு" என்றார் சூப்பர்வைசர்.

நான் இல்லை என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். "நீ இல்லன்னா ஏம்மா கையத் தூக்கின?" என்று கேட்டார். எங்கள் இல்லத்தில் அப்படித்தான் என்று சொன்னால் பைத்தியம் என்று நினைத்திருப்பார். தெருவுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. வேலை போனதற்கு இல்லை. அத்தனை பேர் நடுவில் என் கை மட்டும் மேலே இருந்ததே, அதற்கு.

ஒரு மாதம் அலைந்தேன். வாடகைக்கு வீட்டுக்காரம்மா வாயைத் திறக்கவில்லை. கிண்ணம் காலியாக இருந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாள் பொத்தானக்கா அறைக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நான்தான்மா. பையன் ராத்திரி பூரா மூச்சுக்குத் திணறினான். தூக்கக் கலக்கத்துல பொத்தான் தட்ட மாத்தி வச்சுட்டேன். வேல போயிட்டா என்ன பண்ணுவேன்னு வாய் வரல" என்று ஓவென்று அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் வந்தது. பிறகு அவருக்கும் சேர்த்து ஒரு தட்டு வைத்தேன்.

அவர் கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். அவர் சொல்லித்தான் டெப்போ கேன்டீனில் அக்டோபர் ஒன்றாம் தேதி பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். இரண்டாம் வாரம் சமையல்காரர் வரவில்லை. எண்பது டிரைவர், கண்டக்டர் பசியோடு நிற்கிறார்கள். நான் மூன்று கைப்பிடியும் இன்னொரு கைப்பிடியும் உப்பை அள்ளி ருசி பார்க்காமலே போட்டேன். மேனேஜர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இனிமே நீ பாத்திரம் கழுவ வேணாம்" என்றார். இப்போது நான் அடுப்படியில்தான். வெங்காயத்தின் கதை இதுதான்.

ஆனால் மார்ச் பதினைந்துக்கு இங்கே ஐந்தரை மாதம்தான் ஆகியிருக்கும். கம்பெனியில் வேலை பார்த்த மூன்று மாதத்துக்குச் சான்றிதழ் கேட்டேன். சரக்கைக் கெடுத்தவளுக்குத் தர மாட்டார்களாம். பதினைந்து நாள் குறைகிறது, பெரியம்மா. பதினைந்தே நாள். இதை உங்களிடம் மறைத்தது தப்புத்தான். எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை.

பணிவுடன்,
நெட்டை


டிசம்பர் 1

நெட்டைக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். பலன் சுமார்.

உன் கடிதத்தை இரண்டு நாள் மேஜையில் வைத்திருந்தேன். நீங்கள் அறுபது பேரும் கையைத் தூக்கும்போதெல்லாம் நான் கத்தியிருக்கிறேன், களை பிடுங்க விட்டிருக்கிறேன். பிறகு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. வெளியே யாரும் உன்னோடு சேர்ந்து கையைத் தூக்க மாட்டார்கள் என்று உங்களில் ஒருத்திக்காவது சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். துணி துவைக்க, கையெழுத்துப் போட, பஸ் ஏற எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். இதைச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

இரண்டாவது தப்பு. மூன்று மாதக் கஷ்டத்தை நீ உன் சொந்தத் தங்கையிடம்கூட எழுத முடியாமல் போனது நான் படிப்பேன் என்பதால். இனிமேல் உங்கள் இருவர் கடிதங்களையும் நான் பிரிக்கப்போவதில்லை. ஒட்டி அனுப்புங்கள். அவளிடம் நடந்ததை நீயே சொல்.

சான்றிதழ் விஷயம். 'ஆறு மாத வேலை' என்ற விதியை எழுதியதே நான்தான். 'ஒரே இடத்தில்' என்று அதில் எழுதவில்லை. இன்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன், நிச்சயமாக எழுதவில்லை. அந்த மூன்று மாதத்துக்குக் காகிதம் இருந்தால் போதும். எப்படியும் உன் அறையைப் பார்க்க நான் வர வேண்டும். வரும்போது கம்பெனிப் பக்கமும் போகலாம்.

பெரியம்மா


பிப்ரவரி 12

என் தங்கச் சில்வண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம், பெரியம்மா சுகம், அவர் முழங்கால் மட்டும் மூன்று மாடி ஏறியதில் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் எல்லாவற்றையும் எழுதினேன், 'எனக்கு அப்பவே தெரியும்' என்று ஒரே வரியில் பதில் போட்டாயே, அதற்கு உன் காதைத் திருக வேண்டும். நேரில் திருகிக்கொள்கிறேன்.

நேற்று நடந்ததைக் கேள். பெரியம்மா வந்து அறையைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். அதுவும் இரண்டு தடவை! ஆணியை இழுத்துப் பார்த்தார். பிறகு, "வா, அந்த ஆளப் பாப்போம்" என்று கிளம்பிவிட்டார்.

சூப்பர்வைசர் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சும்மா. தானே கையத் தூக்கிச்சு. எத்தன பேர் பாத்தாங்க தெரியுமா?" என்றார்.

"இந்தப் பொண்ணு, சமுத்திரத்த யார் தோண்டினதுன்னு கேட்டாலும் கையத் தூக்கும். நான் வளத்த லட்சணம் அப்படி. ஒரு தடவ நான் கேட்டுக்கலாமா?" என்றார் பெரியம்மா. சூப்பர்வைசர் பதில் சொல்வதற்குள் பெரியம்மா வரிசை முன்னால் போய் நின்றுவிட்டார். உனக்குத்தான் தெரியுமே அந்தக் குரல். மெஷின் சத்தம் எல்லாம் அதற்கு முன்னால் கொசுச் சத்தம்.

"யாரு பண்ணது அது?"

முப்பத்திரண்டு மெஷினும் நின்றன. வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி திடுக்கிட்டு எழுந்து கையைத் தூக்கிவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்ததே போன மாதம்தானாம். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது பார்க்கிறேன், பொத்தானக்கா எழுந்து நிற்கிறார். கை மேலே. "நான்தாங்க. அன்னிக்கு நான்தான். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

அவர் வேலையும் போய்விடுமே என்று நான் முன்னால் ஓடினேன். அதற்குள் பெரியம்மா சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "உண்மைய சொன்னவங்கள அனுப்பிட்டா, அடுத்த தடவ உங்களுக்கு யாருங்க சொல்வா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். கடைசியில் அந்த மனிதர் பொத்தானக்காவை நாள் முழுக்க நின்றபடி சட்டை மடிக்கிற பகுதிக்கு மாற்றிவிட்டு, என் சான்றிதழை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம். கீழே முத்திரை. நன்னடத்தை என்று ஒரு வார்த்தையும் பெரியம்மா கேட்டுச் சேர்த்துக்கொண்டார்.

வெளியே வந்து பொத்தானக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நின்றால் கால் வலிக்குமே என்றேன். "வலிக்கட்டும்மா. ராத்திரி தூக்கம் வரும்" என்றார். அவரும் அழ, நானும் அழ, பெரியம்மா பஸ் எத்தனை மணிக்கு என்று அதட்ட, ஒரே அமர்க்களம்.

இனி குழு சொல்ல வேண்டும். நீ பரீட்சைக்குப் படி. கணக்கை விட்டுவிடாதே.

அக்கா


மார்ச் 16

அக்கா அக்கா அக்கா,

நலம் நலம் நலம்!

நேற்று சாயங்காலம் குழு கலைந்ததும் பெரியம்மா என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ரப்பரை எடுத்து என் கையில் கொடுத்தார். நானே சுவரில் இருந்த என் பெயரை அழித்தேன். ரொம்ப நாள் ஆனதால் லேசாகத் தடம் தெரிகிறது, ஆனால் பெயர் இல்லை.

குழுவில் ஒருவர், பதின்மூன்று வயதுப் பெண்ணை இருபது வயதுப் பெண்ணிடம் விடலாமா என்று கேட்டாராம். "மூணு வயசுலேர்ந்து அவதான் இவளுக்குத் தலை வாரி விட்டா, நாம இல்ல" என்றாராம் பெரியம்மா. சமையற்காரர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

ஒட்டிய கடிதம் என்பதால் இப்போது சொல்கிறேன். கண்ணாடியை உடைத்தது சமையற்காரர். நாங்கள் பந்து விளையாடும்போது ஒரே ஒரு அடி என்று மட்டையை வாங்கினார். அன்றைக்கு இல்லத்திலேயே கை தூக்காத ஆள் அவர் மட்டும்தான்.

மற்ற எட்டுப் பேரும் பெரிய விடுதிக்குப் போகிறார்கள். குட்டச்சியும். அவள் எனக்கு முன்னால் அழவில்லை, அதனால் நானும் அழவில்லை. அவளுக்கு வாரம் ஒரு கடிதம் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். தபால்தலைக்கு நீதான் பொறுப்பு.

முப்பத்தொன்றாம் தேதி வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. நீ நெட்டை, தேட வேண்டியதில்லை.

உன்னுடைய
சில்வண்டு


ஏப்ரல் 9

மதிப்பும் அன்பும் நிறைந்த பெரியம்மாவுக்கு,

நெட்டையின் வணக்கம், பக்கத்தில் சில்வண்டின் வணக்கம். முழங்காலையும் சமையற்காரரையும் விசாரித்ததாகச் சொல்லவும். இங்கு நாங்கள் இருவரும் சுகம். மூலைக்கு மூலை நான் படுத்தால் மீதி இரண்டு மூலையில் அவள் அடங்கிவிடுகிறாள்.

பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. வராந்தாவில் எல்லாருடைய கதையும் இரண்டே நாளில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பத்து மாதம் இருந்தும் எனக்குத் தெரியாததெல்லாம் தெரிந்திருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். வந்த மறுநாள் எனக்கு விடுமுறை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "என்ன சாப்பிடுற?" என்று கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "இன்னிக்கு என்ன போடுறாங்க?" என்றாள். "யாரும் எதுவும் போடல. நீ சொல்றதத்தான் செய்யப்போறேன்" என்றேன். வாயடைத்துப் போய்விட்டாள், பெரியம்மா. நம் சில்வண்டு! கீழே ஓடிப்போய் வீட்டுக்காரம்மா என்ன சமைக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்தாள். நர்சின் அறையை எட்டிப் பார்த்தாள். மத்தியானம் வரை யோசித்தாள். கடைசியில் கண்ணில் தண்ணீர் தளும்ப, "எனக்கு என்ன பிடிக்கும்னு தெரியலக்கா" என்றாள்.

எனக்கும் இதே நடந்தது. போன ஜூனில் கடை வாசலில் நின்று, என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதற்குப் பதில் தெரியாமல் திரும்பி வந்தேன். வெட்கப்பட்டு உங்களுக்கு எழுதவில்லை. குறையாகச் சொல்லவில்லை, பெரியம்மா. அறுபது பேரைத் தினமும் தனித்தனியாகக் கேட்க யாரால் முடியும்? நீங்கள் யாரையும் பட்டினி போட்டதில்லை. கேட்பதற்குத்தான் ஆள் போதவில்லை. இங்கே நான் கேட்க ஒருத்திதான் இருக்கிறாள்.

அன்றைக்கு நானே எதையோ சமைத்தேன். தினமும் காலையில் கேட்டேன். தினமும் தெரியவில்லை என்றாள். ஒரு நாள் உருளைக்கிழங்கு என்று ஆரம்பித்து, வேண்டாம் என்றாள். நானும் விடவில்லை.

இன்று காலை கேன்டீனுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, இன்னிக்கு இன்னும் என்னக் கேக்கலயே நீ."

வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன்.

என்றும் உங்கள்,
நெட்டை